முதலில் இடது கை, அப்புறம்தான் வலது கை

கெடா பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எனக்கு 20 வயது. பி2 மோட்டார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அப்பாவின் ஹோண்டா ஈஎக்ஸ்5 கப்சாய்தான் ஓட்டினேன், அதில் கைக் கிளட்ச் கிடையாது. அண்ணன் ஜோகூருக்கு வேலைக்குப் போனபோது தன் யமஹா ஒய்15இசட்ஆர் கிளட்ச் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அடுத்த மாதம் பாக்கார் ஆராங்கில் வேலைக்குச் சேர்கிறேன். கிளட்சை விட்டால் மோட்டார் செத்துப்போகிறது, வலது கைப்பிடியை முறுக்கி எண்ணெய் கொடுத்தால் பாய்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பது எப்படி? எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?"

உங்களுக்கு மட்டும் இல்லை. நான் 16 வருடம் ஒரு பயிற்சி வளாகத்தில் மோட்டார் சொல்லிக்கொடுத்தவன். கப்சாயிலிருந்து கிளட்ச் வண்டிக்கு மாறியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கொஞ்ச நாள் நின்றுதான் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் மட்டுமே ஓட்டிவிட்டு நேராகக் கிளட்ச் வண்டியில் ஏறுகிறவன் சில சமயம் உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். அவனுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. உங்கள் வலது கைக்கு எட்டு மாதப் பழக்கம் இருக்கிறது. அதுதான் இடைஞ்சல்.

"இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பது எப்படி" என்று கேட்டீர்கள். ஒன்றாகப் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இரண்டு கையையும் ஒரே நாளில் பழக்க முயன்றால் தப்பு எந்தக் கையில் என்றே தெரியாது. முதல் இரண்டு நாள் எண்ணெய் கொடுக்கவே வேண்டாம். இடது கை மட்டும் படிக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருக்கும்.

அப்பாவின் ஈஎக்ஸ்5-இல் கிளட்ச் இல்லை என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அதற்குள் இரண்டு கிளட்ச் இருக்கிறது, கைப்பிடிதான் இல்லை. ஒன்று எஞ்சின் வேகத்தால் வேலை செய்வது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது விலகி நிற்கும். நீங்கள் எண்ணெய் கொடுத்து வேகம் கூடியதும் அதன் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகரும். ஆக கப்சாயில் புறப்படுவதற்கான கிளட்ச் உங்கள் வலது கைதான். முறுக்கினால் சேரும், விட்டால் பிரியும். எட்டு மாதமாக உங்கள் வலது கை கற்றுக்கொண்ட பாடம் இது: "நகர வேண்டுமா, முறுக்கு."

இரண்டாவது கிளட்ச் உங்கள் இடது பாதத்தில் இருக்கிறது. கியர் மிதியை அழுத்தியதும் அது விலகும், பாதத்தை எடுத்ததும் சேரும். நம்பவில்லையென்றால் ஈஎக்ஸ்5-ஐ எடுத்து ஓர் ஓரமாக மெதுவாக ஓட்டுங்கள். கியர் மாற்றும்போது மிதியைச் சட்டென்று விடாமல் அழுத்தியபடியே பிடித்துப் பாருங்கள். எஞ்சின் தனியாகச் சுற்றும், வண்டி உருண்டுகொண்டிருக்கும். அப்புறம் பாதத்தை மெல்ல மெல்ல எடுங்கள். எஞ்சினும் சக்கரமும் குலுக்கல் இல்லாமல் ஒன்று சேர்வது உடம்பில் தெரியும். சட்டென்று எடுத்தால் வண்டி ஒரு உதை உதைக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இனி இடது கையால் செய்யப் போகிறீர்கள். இது புது வித்தை இல்லை, பாதத்தில் இருந்தது கைக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது ஒய்15. உள்ளே எஞ்சின் எண்ணெயில் மூழ்கியபடி வட்ட வட்டமான தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசை எஞ்சினோடு சுற்றும், இன்னொரு வரிசை கியர்ப்பெட்டியோடு, அதாவது பின்சக்கரத்தோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கி ஒன்றாக வைத்திருக்கும். நீங்கள் கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங்கின் இறுக்கம் தளர்ந்து தகடுகள் பிரியும். எஞ்சின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரமோ சுழியத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் சட்டென்று ஒட்டினால் யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும். எண்ணெய் குறைவாகக் கொடுத்தால் எஞ்சின் தோற்று அணைகிறது. எண்ணெய் அதிகமாகக் கொடுத்தால் சக்கரம் தோற்றுப் பாய்கிறது. நீங்கள் எழுதிய இரண்டு புகாரும் ஒரே தப்பின் இரண்டு முகம். இடது கை வேகமாக விடுகிறது.

தகடுகள் முழுக்கப் பிரிந்த நிலைக்கும் முழுக்க ஒட்டிய நிலைக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே தகடுகள் ஒன்றை ஒன்று உரசியபடி வழுக்கிக்கொண்டிருக்கும். எஞ்சினின் வேகத்தில் ஒரு பங்கு மட்டும் சக்கரத்துக்குப் போகும். கைப்பிடியின் மொத்தப் பயணத்தில் இந்த இடம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஓட்டத் தெரிந்தவர்கள் இதைப் 'பாதி கிளட்ச்' என்பார்கள். கிளட்ச் பழகுவது என்றாலே இந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கையை நிறுத்தி வைப்பதுதான். மற்ற பயணத்தை எவ்வளவு வேகமாகக் கடந்தாலும் கேட்பாரில்லை.

உங்கள் வீட்டில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். என் அம்மா 22 வருடம் சீவினார். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. மேலாக ஓட்டினால் பால் வராது. நடுவில் மெல்லிய ஓர் அளவு இருக்கிறது. "எவ்வளவு ஆழம் அம்மா" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, கைக்குத்தான் தெரியும். அந்தக் கை முதல் வாரத்தில் வந்ததில்லை. மூன்று நான்கு மரத்தைக் காயப்படுத்திவிட்டுக் கங்காணியிடம் திட்டு வாங்கித்தான் வந்தது.

பழகுவதற்கு இடம் முக்கியம். செம்மண் சடக்கில் (மண் சாலையில்) ஆரம்பிக்காதீர்கள். தளர்ந்த கல்லும் மண்ணும் இருக்கும் இடத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டாலும் பின்டயர் வழுக்கித் தப்பை மறைத்துவிடும். கற்றுக்கொள்வது தார் அல்லது சிமெண்டில் இருக்கட்டும். நம் கெடாவில் வெள்ளி, சனி பள்ளி விடுமுறை. தோட்டத் தமிழ்ப்பள்ளி வாசலில் வண்டி நிறுத்தும் இடமோ, காலையில் பிரட்டு (ஆட்களின் பெயர் கூப்பிடுவது) நடக்கும் அலுவலகத் திடலோ அப்போது காலியாக இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். பள்ளம் மேடு இல்லாத 30 மீட்டர் நீளம் போதும். கூட ஒருவர் இருக்கட்டும், ஆனால் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே சொல்லிக்கொடுக்கும் சித்தப்பாவை அழைத்துப் போகாதீர்கள். எல்லாத் தோட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

முதல் நாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றுங்கள். எஞ்சினை ஓட விட்டுக் கொஞ்சம் சூடாக்குங்கள். கிளட்சை நான்கு விரலாலும் முழுக்க இழுத்து முதல் கியர் போடுங்கள். வலது கை எண்ணெயை முறுக்கவே வேண்டாம், முன்பிரேக் மேல் இரண்டு விரல் இருந்தால் போதும். இப்போது இடது கையை மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் சற்றுத் தாழும், வண்டியின் மூக்கு முன்னே போக ஆசைப்படும். அங்கேயே நில்லுங்கள். ஒரு நொடி பிடித்துவிட்டு மறுபடி இழுத்துவிடுங்கள். காலால் ஓரடி பின்னே தள்ளிக்கொண்டு மறுபடி. இதை ஐம்பது தடவை செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், இடது முன்கை வலிக்கும். வலித்தால் கியரை நியூட்ரலில் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். தகடுகளும் அந்நேரம் ஆறட்டும், தொடர்ந்து வழுக்கினால் அவை சூடேறும்.

அந்த இடம் கைக்குத் தெரிந்ததும் வண்டியோடு நடங்கள். அதே பாதி கிளட்ச், எண்ணெய் கிடையாது, காலால் நடந்தபடி வண்டியை அதுவாக நகரவிட்டுத் திடலின் அந்தப் பக்கம் வரை. அப்புறம் காலை மிதிக்கட்டையில் தூக்கி வையுங்கள். ஒய்15 ஊசிவழி எரிபொருள் செலுத்தும் 150 சிசி வண்டி. சமதரையில் எண்ணெயே கொடுக்காமல் கிளட்சை மெல்ல முழுக்க விட்டாலும் முதல் கியரில் அதுவாகத் தவழும். இதைப் பார்க்கும்போது பலருக்கு ஆச்சரியம். "முறுக்காமலே போகிறதே!" ஆமாம். புறப்பட வைப்பது கிளட்ச்தான், எண்ணெய் அதற்குத் துணைக்கு வருவது. இந்த ஒன்று மண்டைக்குள் இறங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று வழக்கமாகச் சொல்வேன். பாதிக் கிணறு தாண்டினால் விழுந்துவிடுவோமே என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்டாள். அதுவும் சரிதான், மீதியையும் பார்த்துவிடலாம்.

மூன்றாம் நாள் வலது கையைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே பலரும் செய்வது, இடது கை விட விட வலது கை முறுக்குவது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் அசைந்தால் மூளை திணறும். நான் சொல்லிக்கொடுப்பது வேறு. கிளட்ச் முழுக்க இழுத்திருக்கும்போதே எண்ணெயைக் கொஞ்சம் திறந்து எஞ்சினை 2,500 சுற்று அளவுக்குக் கொண்டுவாருங்கள். மீட்டரைப் பார்க்கத் தேவையில்லை, சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வலது கையைச் சிலையாக்கிவிடுங்கள். இனி இடது கை மட்டும் அசையட்டும். பாதி கிளட்ச் வந்ததும் வண்டி நகரும். ஒரு வண்டி நீளம் போகும் வரை அங்கேயே வைத்திருந்துவிட்டு மிச்சத்தையும் விடுங்கள். நகர ஆரம்பித்த சந்தோஷத்தில் உடனே முழுக்க விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நகர்ந்ததற்கு அப்புறம் வரும் அந்த ஒரு நொடிதான் குலுக்கலையும் அணைவதையும் தீர்மானிக்கிறது.

இப்போது வலது கையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அணைந்து போகும் வண்டியால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, பாயும் வண்டியால் போகிறார்கள். அதில் நானும் ஒருவன். 1990களில் என் மாமாவிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ்இசட் இருந்தது. 135 சிசி, இரண்டு ஸ்டிரோக். அந்த எஞ்சின்களின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே தூங்குமூஞ்சியாக இருக்கும், ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் பிசாசு பிடித்த மாதிரி எழும். லயத்து வாசலில் மாமா பார்த்துக்கொண்டிருக்க, நான் எண்ணெயை முறுக்கிக் கிளட்சை விட்டேன். வண்டி முன்னே எகிறியது, என் உடம்பு பின்னே போனது. பின்னே போன உடம்பு விழாமலிருக்கக் கைப்பிடியைத்தான் பிடித்துக்கொள்ளும். பிடித்துத் தொங்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கும். இறங்கினால் என்ன ஆகும்? இன்னும் முறுக்கும். இன்னும் பாயும். வேலியைத் தாண்டி லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், போய்ப் படுத்தேன். முழங்காலில் தையல். மாமா முதலில் வண்டியைத்தான் தூக்கினார்.

இந்தச் சுழலில் மாட்டினால் எண்ணெயை மூட வேண்டும் என்று தோன்றவே தோன்றாது, கை அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது. தப்பிக்கும் வழி இடது கையில் இருக்கிறது. கிளட்சைச் சட்டென்று முழுக்க இழுத்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. "பயந்தால் இடது கையை மூடு." இதைப் பழக்கமாக்க வேண்டும், யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. திடலில் முதல் கியரில் மெதுவாகப் போகும்போது கூட வந்தவரை எதிர்பாராத நேரத்தில் கை தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் கிளட்ச் உள்ளே. இருபது தடவை. விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததில் மிக உபயோகமான பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மணிக்கட்டின் நிலையும் இதில் சேரும். எண்ணெய் மூடியிருக்கும்போதே மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் தவறி முறுக்கினாலும் கை திரும்புவதற்கு மிச்சம் இடம் இருக்காது. மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடித்திருந்தால் ஒரே குலுக்கலில் பாதிக்கு மேல் திறந்துவிடும். பிடி இறுக்கமாக வேண்டாம். ஒரு கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவு, நசுக்கவும் கூடாது, ஓடவும் விடக்கூடாது.

இணையத்தில் இந்தியாவிலிருந்து வரும் வீடியோக்களில் "தொட்டியை முழங்காலால் இறுக்கிப் பிடியுங்கள், கைக்குச் சுமை வராது" என்பார்கள். அவர்கள் வண்டிக்கு அது சரி. ஒய்15-இன் பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முழங்கால் நடுவே பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, கப்சாய் உடம்புதானே. அதனால் சீட்டில் சற்று முன்னே தள்ளி உட்காருங்கள், தொடையால் சீட்டின் முன்பகுதியைச் சேர்த்துப் பிடியுங்கள், இடுப்பிலிருந்து மேல் உடம்பை ஓரளவு முன்னே சாய்த்து வையுங்கள். பாய்ந்தால் பின்னே போகும் தூரம் குறையும்.

இன்னொரு கப்சாய்ப் பழக்கம் இருக்கிறது, அது கிளட்சைவிட ஆபத்தானது. ஈஎக்ஸ்5-இல் முன்மிதியைக் கீழே அழுத்த அழுத்தக் கியர் கூடும். ஒய்15-இல் முதல் கியர் மட்டும்தான் கீழே. அடுத்தது நியூட்ரல், அதற்கு மேல் இரண்டிலிருந்து ஐந்து வரை பெருவிரலால் மேலே தூக்கிப் போட வேண்டும். 60, 70 வேகத்தில் மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்துப் பழக்கதோஷத்தில் கீழே அழுத்தினால் இரண்டாம் கியர் விழும். எஞ்சின் அலறும், பின்சக்கரம் பிடித்துக்கொண்டு ஆடும். மழையில் என்றால் படுத்துவிடும். ஆகவே எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு, வீட்டு வாசலில் நின்றபடியே, வாயால் "மேலே கூடும், கீழே குறையும்" என்று சொல்லிச் சொல்லிப் பாதத்தைப் பழக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். முதல் ஒரு மாதம் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கியர் மாற்றும் வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயை மூடு, கிளட்சை இழு, பாதத்தால் போடு, கிளட்சை விடு, எண்ணெயைத் திற. எழுதினால் ஐந்து, செய்யும்போது ஒரே மூச்சு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் கிளட்சைச் சற்று நிதானமாக விடுங்கள், அங்கேதான் இடைவெளி பெரிது. மேலே போகப் போகக் கை தானாக வேகமாகிவிடும். கியர் குறைக்கும்போது கிளட்ச் உள்ளே இருக்கும் அந்தக் கணத்தில் எண்ணெயை ஒரு சிட்டிகை தட்டிவிட்டால் எஞ்சின் வேகம் சக்கரத்துக்கு ஈடாகும், உதை வராது. அது இரண்டாவது மாதத்துப் பாடம், இப்போதைக்கு மெதுவாக விட்டாலே போதும்.

ஊர்ந்து போகிற வேகத்தில் வண்டி குதிரை மாதிரி ஆடுகிறது என்பதுதான் அடுத்து எல்லாரும் கேட்பது. சுங்கைப்பட்டாணிக்குள் நுழைந்தால், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில், கார்களின் பின்னால் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டியிருக்கும். முதல் கியரில் எண்ணெயைத் திறந்து மூடித் திறந்து மூடி ஓட்டினால் ஆடத்தான் செய்யும். எண்ணெயைக் கொஞ்சமாகத் திறந்து அப்படியே வையுங்கள், கிளட்சைப் பாதியில் வையுங்கள், வேகத்தைப் பின்பிரேக்கில் வலது பாதத்தால் அடக்குங்கள். இழுக்கும் எஞ்சினும் பிடிக்கும் பிரேக்கும் வண்டியை நடுவில் நிமிர்த்தி வைத்திருக்கும். இதை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) லைசென்ஸ் சோதனையில் 'தித்தி' என்ற அந்த ஒடுங்கிய பாலத்தைக் கடந்தீர்களே, அங்கே விழாமல் மெதுவாகப் போக வாத்தியார் என்ன சொல்லிக்கொடுத்தார்? எண்ணெயை விடாதே, பின்பிரேக்கை லேசாக மிதி. அதே வித்தைதான், இப்போது பாதி கிளட்ச் கூடியிருக்கிறது. இந்த மாதிரி வேகத்தில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள். ஒய்15-க்கு முன்னே டிஸ்க், அப்பாவின் பழைய டிரம் பிரேக் மாதிரி பொறுமையாகப் பிடிக்காது. திரும்பியிருக்கும் ஹேண்டிலோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போது அழுத்தினால் வண்டி அப்படியே சாய்ந்துவிடும்.

மேட்டில் நின்று புறப்படுவதற்கும் இதே சாமான்கள்தான். இடது கால் தரையில், வலது பாதம் பின்பிரேக்கில். எண்ணெய் சமதரையைவிடக் கொஞ்சம் கூட. கிளட்சைப் பாதிக்கு விட்டதும் வண்டி முன்னே இழுக்கும், எஞ்சின் சத்தம் தாழும். அதைக் கேட்ட பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். முதலில் பிரேக்கை விட்டுவிட்டுக் கிளட்சைத் தேடினால் பின்னே உருளும், பின்னே உருண்டால் பயம், பயந்தால் முறுக்கு, அப்புறம் லோங்காங். தோட்டத்துக்குள் செம்பனை ஏற்றும் மேட்டுப் பாதைகளில் தார் போட்ட துண்டு ஏதாவது இருந்தால் அங்கே பழகுங்கள். கை வந்ததற்கு அப்புறம், ஒரு மூன்று மாதம் கழித்து, குரூணிலிருந்து குனோங் ஜெராய்க்கு ஏறும் பாதைக்குப் போய் வரலாம். 1,217 மீட்டர் மலை, வளைவுக்கு மேல் வளைவு. ஏறுவது சுலபம். இறங்கும்போது கிளட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உருளாதீர்கள், பிரேக் மட்டும் தனியாகச் சூடேறி வலுவிழக்கும். இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை முழுக்க விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியை அடக்கும்.

செம்மண் சடக்குக்கும் வந்துவிடலாம், வீட்டுக்குப் போக வேறு வழி இல்லையே. அங்கே விதி ஒன்றுதான், எதையும் சட்டென்று செய்யாதே. காய்ந்திருக்கும்போது உருளும் சிறு கல், மழை பெய்தால் சோப்பு. ஒரு கியர் கூட்டி வைத்துக்கொண்டு எண்ணெயை ஒரே அளவில் பிடித்துப் போங்கள். உதாரணமாக ஒன்றில் போகும் இடத்தில் இரண்டில் போனால் எஞ்சினின் ஒவ்வொரு சிறு உதையும் சக்கரத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும். லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழத்தின் மேல் ஏறும்போது கிளட்சும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள்.

சிக்னலில் அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை, ஆனால் உங்கள் உண்மையான பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும். பெரும்பாலான கிளட்ச் வண்டிகளில் நியூட்ரலைத் தேட வேண்டியதில்லை. கிளட்சை முழுக்க இழுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் கியரில் இருக்கும்போதே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அது வேலை செய்கிறதா என்று திடலிலேயே பார்த்துவிடுங்கள். கிளட்ச், ஸ்டார்ட்டர், பாதி கிளட்ச், போய்விடலாம், மொத்தம் மூன்று நொடி. வேண்டுமென்றே பத்துத் தடவை அணைத்து அணைத்துக் கிளப்பிப் பழகினால் பின்னால் ஹாரன் அடிக்கும்போது கை நடுங்காது. வண்டியில் புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி ஒட்டியிருங்கள், லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகும் வரை அது எப்படியும் இருக்க வேண்டியதுதான். அதைப் பார்த்தால் லோரிக்காரர்கள்கூடக் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். கொஞ்சம்தான்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். பி2 என்பது 250 சிசி வரைக்கும். சோதனையைக் கப்சாயில் எடுத்திருந்தாலும் இந்த வண்டியை ஓட்டத் தடையில்லை. அதனால்தான் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இவ்வளவு பேர் சாலையிலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் தனிப்பட்ட வருத்தம். சோதனைத் திடலில் ஒரு நாளாவது கிளட்ச் வண்டியைத் தொட்டுப் பார்க்க வைக்கலாம்.

கடைசியாக, இவ்வளவும் செய்து பார்த்தும் வரவில்லையென்றால் உங்களைக் குறை சொல்வதற்கு முன் வண்டியைப் பாருங்கள். அண்ணன் எத்தனை மாதமாகச் சும்மா நிறுத்தி வைத்திருந்தார் என்று தெரியாது. கிளட்ச் கைப்பிடியின் நுனி, பாரம் ஏறுவதற்கு முன் 10 முதல் 15 மில்லிமீட்டர் லூசாக அசைய வேண்டும். லூசே இல்லையென்றால் தகடுகள் எப்போதும் கொஞ்சம் பிரிந்தே இருந்து வழுக்கித் தேயும். எஞ்சின் கத்தும், வண்டி போகாது. லூசு அதிகமென்றால் முழுக்க இழுத்தாலும் முழுக்கப் பிரியாது. முதல் கியர் போட்டதும் வண்டி தானாக நகரப் பார்க்கும், நியூட்ரல் சிக்காது. இந்த நிலையில் யார் ஓட்டினாலும் அணையத்தான் செய்யும். ஸ்டைலுக்காகக் குட்டைக் கைப்பிடி மாற்றியிருந்தால் பழையதைத் தேடி மாட்டுங்கள். சின்னக் கைக்கு நீளக் கைப்பிடிதான் இலகு, நெம்புகோல் கணக்கு அது.

எஞ்சின் எண்ணெய் மாற்றியது எப்போது என்றும் கேளுங்கள். தகடுகள் அந்த எண்ணெயிலேயே மூழ்கியிருப்பதால் காருக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றினால் சில வகைகளில் வழுக்கல் வந்துவிடும். போத்தலில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எம்பி என்று இருப்பது கிளட்ச் எண்ணெயில் மூழ்காத ஸ்கூட்டர் வகைகளுக்கு, விலை குறைவு என்று அதை எடுத்து வராதீர்கள். அப்படியே கிளட்ச் கேபிளையும் கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு முறை பாருங்கள். ஒரே ஒரு கம்பி இழை பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதன் ஆயுசு முடிந்தது. வேலைக்குப் போகிற முதல் வாரத்திலேயே, அதுவும் மழை நாளாகப் பார்த்துத்தான் அறும். டவுனில் எந்த மோட்டார் கடையிலும் கேபிள் கிடைக்கும், மாட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை திடலுக்குப் போவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.